காணாக்கடிக்கு நான் வாங்கியவை: மாத்திரை முதல் இன்ஸ்கர்ட் வரை

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில வருஷமாக எனக்குக் காணாக்கடி. இதற்காக என் சம்பளத்தில் வாங்கியவற்றில் எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன். யாரும் எனக்கு இலவசமாக எதுவும் தரவில்லை. இதே தொந்தரவோடு கடைக்கு வரும் பெண்கள் என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் சொல்கிறேன்.

முதலில் நான் எதைச் சொல்கிறேன் என்று தெளிவாக்கிவிடுகிறேன். பூச்சி கடித்தது போலத் திடீரென்று தோல் சிவந்து தடிக்கும். ஒரு ரூபாய்க் காசு அளவில் தொடங்கி உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். அரிப்போடு எரிச்சலும் இருக்கும். தொடையில் வந்தது சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் அடங்கும், அதற்குள் முதுகில் புதிதாகக் கிளம்பியிருக்கும். சில நாள் உதடும் கண் இமையும் வீங்கிக்கொள்ளும். இது ஆறு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் நாள்பட்டது என்று கணக்கு. வெளிக்காரணம் எதுவும் பிடிபடாவிட்டால் மருத்துவர்கள் இதைத் தன்னிச்சையாக வரும் அர்ட்டிகேரியா என்கிறார்கள். நூறு பேரில் ஒருவருக்கு வரை இருக்குமாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. தொட்டால் ஒட்டாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் கையில் இருந்து சேலையை வாங்கிப் பார்க்கத் தயங்கியவர்கள் உண்டு.

நான் காசு கொடுத்தவற்றிலேயே விலை அதிகமானது ஒரு ரத்தப் பரிசோதனை. அதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். போனில் விளம்பரம் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட உணவுப் பொருட்களில் எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வோம், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம் என்றார்கள். விலை எங்கள் ஒரு மாத வீட்டு வாடகைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரி பேக்கேஜ் விற்பவர்கள் பலர், எல்லாருடைய பேச்சும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

சேவை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. சொன்ன நேரத்துக்கு ஒரு தம்பி வந்து வலிக்காமல் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். வழவழவென்ற தாளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்து அறிக்கை வந்தது. சிவப்பில் இருந்தவை: அரிசி, பால், தேங்காய், புளி, கடலை, முட்டை, பூண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு மதுரையில் ஒரு குடும்பப் பெண் எதைச் சமைப்பாள்? மறுநாளே போன் வந்தது, அந்த அறிக்கையை வைத்து உணவுப் பட்டியல் போட்டுத் தர இன்னொரு பேக்கேஜ் இருக்கிறதாம். சிவப்புப் பட்டியலைப் பார்த்து அரிசியையும் பாலையும் நிறுத்திப் பார்த்தேன். உடம்பு மெலிந்தது, தடிப்பு குறையவில்லை.

பிறகு அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் பிரிவில் சீட்டு போட்டுப் போனபோது, அந்த அறிக்கையையும் பையில் எடுத்துப் போனேன். இளம் வயது டாக்டரம்மா. பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ரத்தத்துல இருக்கிற ஐ.ஜி.ஜி.ங்கற எதிர்ப்புப் பொருளை, அதாவது ஒரு வகை ஆன்டிபாடியை, அளந்த டெஸ்ட். நீங்க எதை அடிக்கடி சாப்பிடுறீங்களோ அது இதுல கூடுதலாத்தான் காட்டும். ஒத்துக்கலைங்கறதுக்கு இது சாட்சி இல்லை" என்றார். அப்புறம் உண்மையான உணவு ஒவ்வாமை எப்படி இருக்கும் என்று விளக்கினார். ஒரு பொருளைச் சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதைச் சாப்பிடும்போதெல்லாம் வரும், சாப்பிடாத நாளில் வராது. சாப்பாடு எதுவாக இருந்தாலும் தினமும் வருகிற என்னுடைய தடிப்பு அந்த வகையில் சேராது.

ஆகவே அந்தப் பரிசோதனையைப் பற்றி என் கருத்து இதுதான்: வாங்காதீர்கள். அந்தக் காசில் ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை வாங்கலாம். டாக்டரம்மா எனக்கு எழுதித் தந்தவை சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., தைராய்டு, தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி, அவ்வளவுதான். இந்த நோய் உள்ளவர்களிடம் தைராய்டுக் கோளாறு சற்று அதிகமாகக் காணப்படுவதால் அதைப் பார்ப்பார்களாம். எனக்கு அது சரியாகவே இருந்தது.

அப்படியானால் ஏன் வருகிறது? நம் தோலுக்கு அடியில் மாஸ்ட் செல் என்று ஒரு வகை உயிரணு இருக்கிறது. அது ஹிஸ்டமின் முதலிய சில பொருட்களைத் தன்னுள்ளே பொட்டலம் பொட்டலமாக வைத்திருக்கும். ஏதோ ஒன்று அதைத் தூண்டினால் அதெல்லாம் வெளியே கொட்டும். உடனே பக்கத்தில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசியும். அதுதான் தடிப்பு. நரம்பு நுனிகள் தூண்டப்படுவதால் அரிப்பு. பலருக்கு அந்தத் தூண்டலைத் தருவது வெளியில் இருந்து வந்த எதுவும் இல்லை, சொந்த உடம்பே தன் மேல் உருவாக்கிக்கொண்ட ஆன்டிபாடிகள்தான். இதைக் கேட்டபோது எனக்கு மனது லேசானது. என்ன தின்றோம், எதைத் தொட்டோம், யார் கண் பட்டது என்று ஒவ்வொரு ராத்திரியும் என்னை நானே விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த விசாரணை அன்றோடு முடிந்தது.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். என் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். எனக்கு முதலில் தந்தது லெவோசெட்ரிசின் 5 மி.கி. ராத்திரி ஒன்று. இதில் எல்லாரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. அரிக்கும்போது போட்டுக்கொண்டு, அடங்கியதும் நிறுத்துவதற்கான மாத்திரை இல்லை இது. தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ஹிஸ்டமின் போய் உட்கார வேண்டிய இடத்தில் மாத்திரை முன்கூட்டியே உட்கார்ந்திருந்தால்தான் அது வேலை செய்யும். இதை எனக்குச் சொல்லாமல், "அரிச்சா ஒண்ணு போடுங்க" என்று சீட்டு எழுதித் தந்த கிளினிக்குகள் இருந்தன. தினமும் போடத் தொடங்கிய பிறகுதான் இரவில் முழுதாகத் தூங்கினேன்.

லெவோசெட்ரிசின் எனக்குக் காலையில் கொஞ்சம் மந்தத்தைத் தந்தது. ஒன்பது மணிக்குள் பஸ் ஏறி, கடைக்குப் போய்ப் பில் நம்பரும் விலையும் ஒப்பிக்க வேண்டிய வேலை என்பதால் டாக்டரம்மா பிலாஸ்டின் 20 மி.கி.க்கு மாற்றினார். இது தூக்கம் தருவதில்லை. ஆனால் வெறும் வயிற்றில் போட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லையென்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. பழச்சாறும் கூடாது. நான் காலையில் எழுந்ததும் காப்பிக்கு முன்னாலேயே போட்டுவிடுவேன். குளித்து, சமைத்து, டிபன் கட்டி முடிக்கும்போது ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் இதே தொந்தரவுக்கு ஃபெக்ஸோஃபெனடின் 180 மி.கி. எடுக்கிறார். அதற்கும் தூக்கம் வராது. ஆனால் ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் சரியாக உடம்பில் ஏறாது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சி.பி.எம். என்று தரும் பழைய வகைச் சின்ன மாத்திரை அரிப்பை அடக்கும், ஆளையும் அடக்கிவிடும். தினமும் போடுவதற்கு இப்போதெல்லாம் அதை எழுதுவதில்லை.

ஒரு மாத்திரையில் எனக்கு முழுதாகக் கட்டுப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வாரம் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் அளவை நான்கு மடங்கு வரை ஏற்றலாம் என்று உலக அளவில் ஒரு வழிமுறை இருக்கிறது. எனக்கு இரண்டாக்கியதுமே பெரிய வித்தியாசம் தெரிந்தது. இதை நீங்களாகச் செய்துவிடாதீர்கள். குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு செட்ரிசின் வகைகளின் அளவைக் குறைத்துத்தான் தருவார்கள். நான்கு மடங்கிலும் அடங்காதவர்களுக்கு ஒமாலிசுமாப் என்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி இருக்கிறது. அது எனக்குத் தேவைப்படவில்லை, அதனால் அதைப் பற்றி என் அனுபவமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. விலை அதிகம் என்பது மட்டும் தெரியும்.

மாத்திரையை எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் லீவு போட்டுப் போக என்னால் முடியாது, அந்த நாள் சம்பளம் போய்விடும். நான் வாங்குவது மக்கள் மருந்தகத்தில். 2008-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது, கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப் பெயரிலேயே விற்பார்கள். லெவோசெட்ரிசின் அட்டை ஒன்று ஏறக்குறைய ஒரு டீக் காசுதான். தமிழ்நாடு அரசும் 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் முதல்வர் மருந்தகம் திறந்திருக்கிறது, அங்கும் கேட்டுப் பாருங்கள். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் டாக்டரிடம் மூலப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அது ஒரு வரி எழுதும் வேலைதான், கேட்பதில் கூச்சம் வேண்டாம். "விலை கம்மின்னா வேலை செய்யாது" என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஸ்டீராய்டு பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் போனதும் ஒரு ஊசி போட்டு, சின்ன வெள்ளை மாத்திரை பொட்டலம் தருவார்கள். ஒரு மணி நேரத்தில் உடம்பு அப்படியே அடங்கிவிடும். இதைவிட நல்ல மருந்து இல்லை என்று தோன்றும். நிறுத்தியதும் இரட்டிப்பாகக் கிளம்பியது. முகம் உப்பி, பிளவுஸ் எல்லாம் இறுக்கமாகிப் போனது. கடுமையாக வரும்போது சில நாட்களுக்கு மட்டும் டாக்டர்கள் அதைத் தருவதுண்டு, பத்து நாளைத் தாண்ட விடுவதில்லை. மாதக் கணக்கில் தினமும் சாப்பிடும் மருந்து இல்லை அது. பொட்டலத்தில் தரும் மாத்திரைக்குப் பெயர் என்ன என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து நான் சொல்ல விரும்புவது ஒரு பால்பாயிண்ட் பேனாவும் நகைக்கடையில் தரும் மாதக் காலண்டரும். இவற்றின் பயன் எனக்கு எந்த கிரீமையும்விடப் பெரிது. டாக்டரைப் பார்க்கப் போகும் நேரத்தில் உடம்பில் ஒன்றுமே இருக்காது, இந்த நோயின் குணம் அப்படி. அதனால் வந்த உடனே போனில் படம் எடுத்துவிடுங்கள். பேனாவால் ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காணாக்கடி என்றால் 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டம் காலியாகிவிடும். அதற்கு மேலும் அதே இடத்தில் நின்று, வலியெடுத்து, போகும்போது கன்றிப்போன கறுப்புத் தழும்பு வைத்தால் ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அதைத் தோல் டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும், சிறு சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

காலண்டரில் தினமும் இரண்டு எண் எழுதுவேன். தடிப்பு ஒன்றும் இல்லையென்றால் 0, இருபதுக்குள் என்றால் 1, ஐம்பது வரை 2, அதற்கு மேல் 3. அரிப்புக்கும் இப்படியே 0 முதல் 3 வரை. இரண்டையும் கூட்டி ஏழு நாளுக்குச் சேர்த்தால் அதிகபட்சம் 42 வரும். 28 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை, 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கு டாக்டரம்மா சொல்லித் தந்தது, உலகம் முழுக்க இதையே பயன்படுத்துகிறார்களாம். முன்பெல்லாம் "எப்படிம்மா இருக்கு" என்று கேட்டால் "பரவாயில்லை மேடம்" என்று சொல்லிவிட்டு வருவேன். இப்போது காலண்டர் தாளைக் கிழித்து நீட்டுகிறேன். அதைப் பார்த்துத்தான் மாத்திரை அளவை முடிவு செய்கிறார்.

காலண்டர்தான் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. ஞாயிறு, லீவு நாட்களில் இடுப்பில் தடிப்பே வருவதில்லை. வேலை நாட்களில் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட் போலத் தடித்து, தொட்டால் வலிக்கும் அளவுக்கு வீங்கும். காரணம் இன்ஸ்கர்ட் நாடா. அழுத்தத்தால் வரும் வகை ஒன்று உண்டு. அழுத்திய உடனே வராது, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் கிளம்பும். அதனால்தான் எதனால் என்று யாருக்கும் பிடிபடுவதில்லை. காலையில் இறுக்கிக் கட்டிய நாடாவுக்கும் ராத்திரி வரும் வீக்கத்துக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்? இந்த வீக்கம் ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும், அதனால் மேலே சொன்ன 24 மணி நேரக் கணக்கு இதற்குப் பொருந்தாது. என்னைப் போலத் தானாக வருவதும் அழுத்தத்தால் வருவதும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறையப் பேர்.

சேலை கட்டும் பெண்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ஜவுளியில் இருப்பவள் என்பதால் கிடைக்கும் எல்லா வகையையும் கட்டிப் பார்த்துவிட்டேன். முதலில் எங்கள் கடையிலேயே நன்றாக விற்கும் ஷேப்வேர். நைலானும் ஸ்பாண்டெக்ஸும் கலந்து, இடுப்பில் இருந்து முழங்கால் வரை உடம்போடு ஒட்டி நிற்கும். சேலை அழகாக விழும், உண்மைதான். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டாம். அழுத்தம் ஒரு கோட்டில் இருந்தது போய்த் தொடை முழுக்கப் பரவுகிறது, வியர்வையும் வெளியேற வழியில்லை. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மதுரைக்குள் நடமாட முடியாது. எலாஸ்டிக் வைத்த ரெடிமேட் இன்ஸ்கர்ட் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் சுருண்டு கயிறு போலாகி மறுபடி அறுக்கும்.

உதவியது தைத்து வாங்கியதுதான். மீனாட்சி அம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்து, பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல்கார அண்ணன் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நாடாவை எடுத்துவிட்டு மூன்று விரல் அகலத்தில் மெத்தென்ற பட்டி வைத்து, பக்கவாட்டில் மூன்று வரிசை கொக்கி வைத்துத் தந்தார். காலையில் முதல் வரிசை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது, சாயந்திரம் மூன்றாவது என்று தளர்த்திக்கொள்ளலாம். துணி நல்ல காட்டன் பாப்ளின். தைப்பதற்கு முன் துணியை நனைத்துக் காயப்போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே பட்டி இறுகும். துணி, கூலி இரண்டும் சேர்த்து ரெடிமேடைவிட இரண்டு பங்கு ஆகிறது. ஆனால் கொசுவம் நழுவாமல் நிற்கிறது, இடுப்புத் தடிப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. எனக்கு மாத்திரைக்கு அடுத்த இடம் இந்த இன்ஸ்கர்ட்டுக்குத்தான். சுங்குடிச் சேலை கட்டும் நாட்களில் இன்னும் சுகம். கடை யூனிஃபார்ம் பாலியெஸ்டர் என்பதால் அந்த வசதி லீவு நாளில் மட்டும்தான்.

அதே அழுத்தம்தான் உள்ளங்காலுக்கும். தீபாவளி சீசனில் பகல் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் பாதம் வீங்கித் தரையில் வைக்க முடியாது. வெரிகோஸ், குதிகால் வலி என்று ஒவ்வொருவர் ஒன்று சொன்னார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். செருப்பு வாங்கினேன், தடித்து மெத்தென்று இருக்கும். பாதி உதவியது. மீதி உதவி உட்காருவதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். எங்கள் கவுண்டருக்குப் பின்னாலும் ஸ்டூல் வந்துவிட்டது. ஆனால் ஃப்ளோர் சூப்பர்வைசர் கண்முன் அதில் உட்கார எங்கள் பெண்கள் இன்னும் யோசிக்கிறார்கள். நான் டாக்டரம்மாவிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருகிறேன். சட்டப்படி அந்தச் சீட்டே தேவையில்லை. இருந்தாலும் கையில் இருந்தால் பேச்சு வளராது.

சீசனில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கால் வலிக்கு எங்களுக்குள் ஒருத்தருக்கொருத்தர் மாத்திரை கொடுத்துக்கொள்வோம். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் கலந்தவைதான் எல்லாம். காணாக்கடி உள்ளவர்களில் ஒரு பங்கினருக்கு இந்த வகை வலி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் தடிப்பைக் கிளறிவிடும். ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி என் உதடு வீங்கியதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. வலிக்கோ காய்ச்சலுக்கோ எனக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும் என்று சீட்டிலேயே எழுதிவிட்டார். பல் டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பூசும் மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அவற்றால் ஆவதும் சுருக்கமே. கலாமின் லோஷன் ரோஸ் நிறத்தில் இருக்கும். துத்தநாக ஆக்ஸைடில் கொஞ்சம் இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த நிறம் அது. குலுக்கிப் பூச வேண்டும். நீர் ஆவியாகும்போது தோல் குளிர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம் அரிப்பு தணிகிறது. ஃபிரிட்ஜில் வைத்துப் பூசினால் இன்னும் இதம். தடிப்பை அது குறைக்காது. கறுப்புப் பிளவுஸில் வெள்ளைப் பொடியாக உதிரும். முகப் பூச்சாக வாசனை சேர்த்து விற்பதை எடுக்காமல், மருந்துக்கடையில் வாசனை இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். ஜெல் பேக் நல்ல பொருள். துண்டில் சுற்றி ஒற்றிக்கொண்டால் சொறிவதில் இருந்து கையைக் காப்பாற்றலாம். ஆனால் குளிர்ச்சி பட்டாலே தடிப்பு வரும் வகை ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு இது ஆகவே ஆகாது. முதலில் சின்ன இடத்தில் வைத்துப் பாருங்கள். வெந்நீர்க் குளியல் அந்த நிமிடத்துக்குச் சுகமாக இருந்து பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் கிளப்பும். குழாய்த் தண்ணீர்தான் நல்லது.

அப்புறம் வீட்டு வைத்தியம். என் மாமியார் கத்தரிக்காய், கருவாடு, கடலை எல்லாம் தோல் அரிப்பைக் கிளப்பும் கரப்பான் பண்டம் என்று எனக்கு மட்டும் தனியாகச் சமைத்து வைத்தார். குப்பைமேனி இலையை அரைத்துக் குளிப்பாட்டினார். அந்த அன்புக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். ஆனால் குப்பைமேனி என் தோலில் எரிச்சலைக் கூட்டியது. கத்தரிக்காயை ஒரு மாதம் விட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்தோம், எண்களில் மாற்றமில்லை. அந்தத் தாளை அத்தையிடமே காட்டினேன். "அப்ப ஒனக்கு இது கரப்பான் இல்ல ஆத்தா" என்று சொல்லிவிட்டு மறுநாளே எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்.

அவசரம் எது என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உதடு, இமை வீங்குவது பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் மாத்திரையிலேயே வடியும். நாக்கு தடிப்பது, தொண்டை இறுகுவது, குரல் மாறுவது, மூச்சு வாங்குவது, தலை சுற்றி மயக்கம் வருவது, இதில் எது வந்தாலும் மாத்திரைக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். என் வீட்டுக்காரருக்கும் மூத்த பெண்ணுக்கும் இதை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

இந்த நோய் பெரும்பாலோருக்குச் சில வருஷங்களில் தானாகவே ஓய்ந்துவிடும் என்கிறார்கள், சிலருக்கு நீளும். மாத்திரை நோயைக் குணப்படுத்துவதில்லை, அது தானாக அடங்கும் வரை தொந்தரவில்லாமல் வைத்திருக்கிறது. என் காலண்டரில் இப்போது வாரத்துக்கு 6-ஐத் தாண்டுவதில்லை. இரண்டு மாத்திரையில் இருந்து ஒன்றுக்கு இறக்கியிருக்கிறார்கள். இதே நிலை இன்னும் சில மாதம் நீடித்தால் ஒன்றையும் நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சீசன் முடிந்து தை மாதத்தில் அதைச் செய்யலாமா என்று அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டும்.